இன்லைனா, வி-யா? எஞ்சின் வடிவம் எதைத் தரும், எதைத் தராது

“சார், இது வி6 வண்டி சார்.” பழைய சொகுசு கார் பார்க்கப் போனால் புரோக்கர் வாயிலிருந்து முதலில் வருவது இதுதான். அந்த ஒரு எழுத்துக்கே தனி விலை வைத்துப் பேசுவார். எதிர்ப்பக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது. இன்லைன்-6 தவிர மற்றதெல்லாம் எஞ்சினே இல்லை, வி என்றாலே செலவு என்று அடித்துச் சொல்கிறவர்கள். இருவர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பவர், டார்க் (சக்கரத்தைத் திருப்பும் முறுக்கு விசை), ஆயுள் மூன்றையும் சேர்த்து எஞ்சினின் வடிவத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்களே, அங்கேதான் இடிக்கிறது.

வடிவம் என்பது இவ்வளவுதான்: சிலிண்டர்கள் எல்லாம் ஒரே வரிசையில் நின்றால் இன்லைன். இரண்டு வரிசையாகப் பிரிந்து, மேலே விலகி, கீழே ஒரே கிராங்க் ஷாஃப்டில் (பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) சேர்ந்தால் வி. கூடவே வரும் எண் சிலிண்டர்களின் எண்ணிக்கை. மாருதி ஆல்டோவிலிருந்து ஃபார்ச்சூனர் வரை நாம் தினம் பார்க்கும் கார்கள் எல்லாமே இன்லைன்தான். யாரும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவே.

சரி, நேராக ஒரு ஜோடியை எடுத்துப் பார்ப்போம். 2005 வாக்கில் வந்த பிஎம்டபிள்யூ 530ஐ காரில் என்52 என்ற இன்லைன்-6. அதே காலத்து மெர்சிடிஸ் இ280 காரில் எம்272 என்ற வி6. இரண்டும் பெட்ரோல், இரண்டிலும் டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி) கிடையாது, இரண்டும் 2,996 சிசி. ஒரு சிசி கூட வித்தியாசம் இல்லை. அதிகபட்ச டார்க்கைப் பாருங்கள்: இன்லைனில் 300 என்எம் (நியூட்டன் மீட்டர்), வி-யில் 300 என்எம். இரண்டுமே 2,500 ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு 2,500 சுற்றில்) அந்த அளவைத் தொட்டுவிடுகின்றன. வடிவத்தால் டார்க் மாறும் என்றால் இங்கே மாறியிருக்க வேண்டும்.

பவர் மட்டும் வேறு. பிஎம்டபிள்யூவில் 258 குதிரைத்திறன், மெர்சிடிஸில் 231. ஆஹா, இன்லைன் ஜெயித்துவிட்டது என்று எழுந்துவிட வேண்டாம். டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி, சுமார் 7,000-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வரும். மெர்சிடிஸின் உச்ச பவர் 6,000 ஆர்பிஎம்மில் வருகிறது. திருப்பிக் கணக்குப் போட்டால் அந்த இடத்தில் டார்க் கிட்டத்தட்ட 270 என்எம். பிஎம்டபிள்யூவின் உச்சம் 6,600-இல். அங்கேயும் டார்க் ஏறத்தாழ 274. ஆக, இரண்டு எஞ்சினும் ஒரே அளவுதான் தள்ளுகின்றன. ஒன்றை இன்னும் 600 சுற்று அதிகம் ஓடவிட்டிருக்கிறார்கள். அந்த 27 குதிரைத்திறன் வால்வு ஏற்பாட்டிலிருந்தும் டியூனிங்கிலிருந்தும் வந்தது. அதுவும் அதிகம் சுற்றியது இன்லைன். வி-தான் வேகமாகச் சுற்றும் என்று சொல்லப்படுவதற்கு நேர்மாறாக.

வேகமாகச் சுற்றுவது யார்?

அப்படிச் சொல்லப்படுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இன்லைன்-6 கிராங்க் நீளமானது. ஏழு மெயின் பேரிங்கில் படுத்திருக்கும். முதல் சிலிண்டரில் விழும் அடி ஒரு நேரத்தில், ஆறாவதில் விழும் அடி இன்னொரு நேரத்தில் என்று வரும்போது, ஈர வேட்டியைப் பிழிவதுபோல அந்தக் கிராங்க் முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான், ஆனால் சுற்று ஏற ஏற அந்த முறுக்கம் ஆபத்தாகும். அதனால்தான் முன்பக்கப் புல்லியில் ரப்பர் அல்லது திரவம் வைத்து முறுக்கத்தை அடக்கும் டேம்பர் இருக்கும். வி6 கிராங்க் குட்டையானது. நான்கே மெயின் பேரிங். முறுக்கம் குறைவு, விறைப்பு அதிகம்.

இன்னொன்று போர் அளவு, அதாவது சிலிண்டரின் உள் விட்டம். இன்லைனில் சிலிண்டரை அகலமாக்கினால் எஞ்சின் நீண்டுகொண்டே போகும், அதனால் அகலத்தைக் குறைத்து ஸ்ட்ரோக்கை (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தை) கூட்டுவார்கள். மேலே சொன்ன ஜோடியிலேயே பார்க்கலாம்: என்52-இல் போர் 85 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 88. எம்272-இல் போர் 88, ஸ்ட்ரோக் 82.1. அகலமான போரில் பெரிய வால்வுகள் வைக்கலாம், குட்டை ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் வேகம் குறையும். இரண்டுமே உயர்ந்த ஆர்பிஎம்முக்கு நல்லது. ஃபார்முலா 1-இல் 2006 முதல் 2013 வரை வி8, 2014 முதல் வி6 என்று ஓடுவதற்கு இந்த விறைப்பும் குட்டை நீளமும் பொருந்திப் போகின்றன. ஆனால் அதே ஃபார்முலா 1-இல் 1983-இல் நெல்சன் பிக்கே சாம்பியன் ஆனது பிரபாம் காரில் இருந்த பிஎம்டபிள்யூவின் 1.5 லிட்டர் இன்லைன்-4 டர்போவை வைத்துத்தான். டர்போ உள்ளே வந்ததும் மற்ற கணக்கெல்லாம் பின்னால் போய்விட்டது. ஜிஎஸ்டி சாலையில் 3,000 ஆர்பிஎம்முக்கு மேல் அடிக்கடி போகாத நமக்கு இந்த வித்தியாசம் கையில் படவே படாது.

இழுவை எங்கிருந்து வருகிறது

“வி8 இழுக்கிற இழுப்பு வேற சார்” என்பார்கள். இழுக்கும்தான். ஆனால் இழுப்பது லிட்டர்கள். அமெரிக்கர்கள் வி8 என்று சொல்லும்போது அதற்குள் ஐந்து, ஆறு லிட்டர் இருக்கிறது. அந்த சிசி-யை எந்த வடிவத்தில் அடுக்கினாலும் இழுக்கும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் லிட்டருக்கு நூறு என்எம் சுமாராக வரும். டர்போ வைத்தால் எவ்வளவு காற்றை அழுத்துகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

டொயோட்டாவையே பாருங்கள். நம்மூரில் அரசியல்வாதிகளும் தொழிலதிபர்களும் விரும்பி வாங்கிய லேண்ட் குரூஸர் 200-இல் 4.5 லிட்டர் வி8 டீசல், 650 என்எம். அடுத்து வந்த லேண்ட் குரூஸர் 300-இல் 3.3 லிட்டர் வி6 டீசல், 700 என்எம். இரண்டு சிலிண்டர் போயும் இழுவை ஏறியது. ஃபார்ச்சூனர் ஆட்டோமேட்டிக்கில் வெறும் 2.8 லிட்டர் இன்லைன்-4, 500 என்எம். லிட்டருக்கு எவ்வளவு என்று பார்த்தால் வி8-க்கு 146, ஃபார்ச்சூனருக்கு 181, வி6-க்கு 209. வரிசை எப்படி அமைந்திருக்கிறது பாருங்கள்: கீழே ஒரு வி, நடுவில் இன்லைன், மேலே இன்னொரு வி. வடிவத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மெர்சிடிஸ் இ350டி வாங்க நினைப்பவர்களுக்கு இது இன்னும் நேரடியாகப் பொருந்தும். இந்த வண்டி இந்தியாவில் இரண்டு எஞ்சினோடு வந்தது. முதலில் வந்ததில் ஓஎம்642 என்ற 3 லிட்டர் வி6 டீசல், 258 குதிரைத்திறன், 620 என்எம். பின்னால் வந்ததில் ஓஎம்656 என்ற இன்லைன்-6 டீசல், 286 குதிரைத்திறன், 600 என்எம். பவர் 28 கூடியது, டார்க் 20 குறைந்தது. “இன்லைன்தான் டார்க், வி-தான் பவர்” என்று எங்கேயாவது படித்திருந்தால், அதை இந்த இரண்டு எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழுக்கத் தலைகீழ்.

இதைவிடச் சுத்தமான உதாரணம் வேண்டுமென்றால் ஸ்வீடனுக்குப் போக வேண்டும். அங்கே இரண்டு லாரி கம்பெனிகள், பல வருஷப் போட்டி. ஸ்கேனியாவின் பெரிய எஞ்சின் 16.4 லிட்டர் வி8. 2020-இல் 770 குதிரைத்திறன், 3,700 என்எம் என்று அறிவித்தார்கள். வால்வோவின் பெரிய எஞ்சின் 17.3 லிட்டர் இன்லைன்-6. 2024-இல் 780 குதிரைத்திறன், 3,800 என்எம். சாலையில் ஓடும் டீசல் லாரிகளில் மிகப் பலமானவற்றில் இவையும் உண்டு. ஆளுக்கொரு வடிவம், எண்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

அமெரிக்காவில் ராம் 1500 பிக்கப் வண்டியில் நடந்ததும் சுவாரசியமானது. 395 குதிரைத்திறன் 5.7 லிட்டர் ஹெமி வி8-ஐ எடுத்துவிட்டு, 2025 மாடலில் 3 லிட்டர் இரட்டை டர்போ இன்லைன்-6 வைத்தார்கள். அதன் சாதாரண வடிவத்திலேயே 420 குதிரைத்திறன். டார்க்கும் வி8-ஐவிட 80 என்எம் அதிகம். எல்லா எண்ணிலும் புதியது மேல். ஆனாலும் 2026 மாடலில் வி8 திரும்பி வந்துவிட்டது. வாங்குகிறவர்களுக்கு அந்தத் தடதட சத்தம் வேண்டியிருந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். சத்தத்துக்காக வி8 வாங்குவது நேர்மையான காரணம். பவருக்காக என்று சொல்லிக்கொண்டு வாங்குவதுதான் வேடிக்கை.

அதிர்வு, அப்புறம் ஒரு சின்னப் பல்சக்கரம்

ஆயுளைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதிர்வைப் பேச வேண்டும், இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை.

இன்லைன்-6-இல் ஒன்றாம் பிஸ்டனும் ஆறாம் பிஸ்டனும் ஒன்றாக ஏறி இறங்கும். இரண்டும் ஐந்தும் ஒரு ஜோடி, மூன்றும் நான்கும் ஒரு ஜோடி. ஜோடிகளுக்கு இடையே 120 டிகிரி. முன்பாதி செய்வதைப் பின்பாதி கண்ணாடியில் பார்த்ததுபோல் செய்வதால், ஒரு பிஸ்டன் உண்டாக்கும் உதறலை மற்றவை அப்படியே தின்றுவிடும். முதல்நிலை அதிர்வும் இல்லை, சுற்றுக்கு இரண்டு தடவை வரும் இரண்டாம்நிலை அதிர்வும் இல்லை. கூடுதலாக எதையும் மாட்ட வேண்டியதில்லை. இன்லைன்-4-க்கு இந்தப் பாக்கியம் கிடையாது. இரண்டாம்நிலை அதிர்வு அப்படியே நிற்கும். அதனால்தான் பெரிய நாலு சிலிண்டர் எஞ்சின்களில் இரண்டு பேலன்சர் ஷாஃப்ட் வைக்கிறார்கள். வி12 என்பது இரண்டு இன்லைன்-6 சேர்ந்தது, எனவே அதுவும் சுத்தம். 90 டிகிரி வி8-உம், கிராங்கில் சரியான எதிர் எடை வைத்துவிட்டால், நன்றாகவே அடங்கிவிடும்.

சங்கடம் வி6-க்குத்தான். ஒரு பக்கத்துக்கு மூன்று சிலிண்டர் என்பதால் முன்னும் பின்னும் ஆட்டம் வரும். அதை அடக்கப் பல வி6-களில் ஒரு பேலன்சர் ஷாஃப்ட் வைப்பார்கள். கிராங்குக்கு எதிர்த்திசையில் சுற்றும் ஒரு தண்டு, அதை ஓட்ட ஒரு பல்சக்கரம். மேலே சொன்ன எம்272 எஞ்சினின் தொடக்ககால வண்டிகளில் இந்தப் பல்சக்கரம்தான் பெயரைக் கெடுத்தது. பற்கள் காலத்துக்கு முன்பே தேய்ந்துபோயின. டைமிங் தவறும், எஞ்சின் லைட் எரியும். பல்சக்கரத்தின் விலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அதை மாற்ற எஞ்சினையே வண்டியிலிருந்து இறக்க வேண்டும். அமெரிக்காவில் இதற்காக உரிமையாளர்கள் சேர்ந்து வழக்கே போட்டார்கள். அதே 2,996 சிசி-யில் நின்ற என்52-இல் அந்தத் தண்டும் இல்லை, பல்சக்கரமும் இல்லை. இல்லாத உதிரி கெட்டுப்போகாது.

எது எத்தனை நாள் உழைக்கும்

இங்கேதான் இன்லைன் பக்கம் நான் சாய்வேன். வடிவமே உறுதி என்பதால் இல்லை. உதிரிகள் குறைவு, கை எட்டும் என்பதால்.

ஒரு இன்லைன்-6 எஞ்சினுக்கு ஒரு ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி), ஒரு ஹெட் கேஸ்கெட், இரண்டு கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), ஒரு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். வி6 என்றால் ஹெட் இரண்டு, கேஸ்கெட் இரண்டு, கேம் நான்கு, மேனிஃபோல்ட் இரண்டு, நீளமான செயின்கள், அவற்றுக்கு டென்ஷனர்கள். எண்ணெய் கசியக்கூடிய மூட்டுகள் ஏறத்தாழ இரட்டிப்பு. கிராங்கிலும் ஒரு நெருக்கடி இருக்கிறது. 60 அல்லது 90 டிகிரி வி6-இல் சீரான இடைவெளியில் வெடிக்க வேண்டுமானால், எதிரெதிர் கனெக்டிங் ராடுகள் உட்காரும் கிராங்க்-பின்னைப் பிளந்து விலக்கி வைக்க வேண்டும். இன்லைனில் ஒவ்வொரு ராடுக்கும் தனிப் பின், இருபுறமும் மெயின் பேரிங். டொயோட்டா சுப்ராவில் வந்த 2ஜேஇசட் எஞ்சின் பெயர் பெற்றது இந்த அடித்தளத்தால்தான்: 86-க்கு 86 போர்-ஸ்ட்ரோக், வார்ப்பிரும்பு பிளாக், ஏழு மெயின் பேரிங். கம்பெனி கொடுத்தது 280 குதிரைத்திறன். உள்ளே ஒன்றும் மாற்றாமல் அதைப்போல இரண்டு மடங்கு ஏற்றி ஓட்டுகிறார்கள்.

பள்ளம் என்று ஒன்று இருக்கிறது வி-யில். இரண்டு வரிசைக்கும் நடுவே கிடைக்கும் அந்த இடத்தைச் சும்மா விட யாருக்கும் மனசு வராது. ஓஎம்642 வி6 டீசலில் அங்கே ஆயில் கூலரை வைத்தார்கள். அதன் மேல் இன்டேக் மேனிஃபோல்ட், அதன் பின்னால் டர்போ. கூலருக்கும் பிளாக்குக்கும் நடுவே விரல் மோதிரம் அளவுக்கு ரப்பர் சீல்கள். பழைய வண்டிகளில் ஆரஞ்சு நிறம். வெப்பத்தில் வெந்து கல்லாகி எண்ணெய் விட ஆரம்பிக்கும். எண்ணெய் பள்ளத்தில் தேங்கி, பின்பக்கமாக வழிந்து, கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் சொட்டும். அதைப் பார்த்துவிட்டு கிராங்கின் பின்பக்க சீல் போய்விட்டது என்று கியர்பாக்ஸை இறக்கிவிடும் ஒர்க்‌ஷாப்கள் உண்டு. உண்மையான வைத்தியம் மேலிருந்து: டர்போவைக் கழற்றி, மேனிஃபோல்டைக் கழற்றி, கூலரைத் தூக்கி, பின்னாளில் வந்த ஊதா நிறச் சீலைப் போட வேண்டும். சீல் சில நூறு ரூபாய் சமாச்சாரம். கூலிதான் கண்ணைக் கட்டும். இன்லைன் எஞ்சினில் பள்ளமே இல்லை. ஒரு பக்கம் சூடான எக்ஸாஸ்ட், மறுபக்கம் குளிர்ந்த இன்டேக், எதுவும் எதன் மேலும் உட்காரவில்லை.

டர்போவையே அந்தப் பள்ளத்துக்குள் வைக்கும் வழக்கமும் வந்தது. பிஎம்டபிள்யூவின் என்63 வி8 அப்படித்தான். அடக்கமான ஏற்பாடு, டர்போ உடனே பிடிக்கும். ஆனால் வெப்பம் முழுக்க எஞ்சினின் தலைமேலேயே நிற்கும். வால்வு சீல்கள் சீக்கிரம் இறுகி எண்ணெய் குடிக்க ஆரம்பித்த வண்டிகள் ஏராளம். ஜெர்மனியின் குளிரிலேயே அப்படி என்றால், மே மாதம் கத்திப்பாராவில் ஏசி போட்டு ஊர்ந்துகொண்டிருக்கும் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்லைன்காரர்கள் இப்போது காலரைத் தூக்கிவிட வேண்டாம். நீளமான அலுமினிய ஹெட்டுக்கு ஒரு சாபம் இருக்கிறது: சூடேறினால் வளையும். என்52-இல் தண்ணீர் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. சத்தம் போடாமல் செத்துப்போகும். மீட்டரில் எச்சரிக்கை வந்த பிறகும் “ஒரு அஞ்சு கிலோமீட்டர்தானே” என்று ஓட்டினால் ஹெட் போய்விடும். அந்த பிளாக் மக்னீசியம் கலந்தது. அதில் அலுமினிய போல்ட்டுகள்தான் போட வேண்டும், ஒருமுறை கழற்றினால் புதிதுதான் மாட்ட வேண்டும். இது தெரியாமல் பழைய போல்ட்டையே முறுக்கினால் உடைந்து உள்ளே நின்றுகொள்ளும். பிஎம்டபிள்யூ 320டி-யில் வந்த என்47 டீசல் சாதாரண இன்லைன்-4-தான். ஆனால் டைமிங் செயினை முன்பக்கம் வைக்காமல் கியர்பாக்ஸ் பக்கம் வைத்தார்கள். 2007 முதல் 2011 வரை வந்த வண்டிகளில் அந்தச் செயின் தேய்வது தெரிந்த கதை. இன்லைனாக இருந்தும் என்ன, எஞ்சினை இறக்காமல் கை வைக்க முடியாது.

லாரிக்காரர்கள் இதில் என்ன முடிவு எடுத்தார்கள் என்று பார்த்தால் ஒன்று புரியும். டாடா, அசோக் லேலண்ட், பாரத்பென்ஸ் என்று நம் நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளில் இன்லைன்தான், நாலோ ஆறோ. ஒவ்வொரு நாளும் ஓடியே ஆக வேண்டிய வண்டிக்குச் சாலையோரத்தில் நின்று ஹெட்டைத் திறக்க முடிவது பெரிய விஷயம். ஐரோப்பாவில் மெர்சிடிஸ் ஆக்ட்ராஸ் லாரி பல வருஷம் வி6, வி8 எஞ்சினோடு ஓடியது. 2011-இல் புது ஆக்ட்ராஸ் வந்தபோது இரண்டையும் விட்டுவிட்டு இன்லைன்-6-க்குத் திரும்பிவிட்டார்கள்.

அப்படியானால் வி எதற்கு?

இடத்துக்கு. வி-க்கு உள்ள பெரிய காரணம் இதுதான், இது போதுமான காரணமும்கூட.

ரயில்வேயில் இதை அழகாகப் பார்க்கலாம். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலை இழுக்கும் ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சினுக்குள் இருப்பது ஆல்கோ 251, இன்லைன்-6, சுமார் 1,400 குதிரைத்திறன். அகலப்பாதையில் பல பத்தாண்டு ஓடிய டபிள்யூடிஎம்-2 எஞ்சினுக்குள் இருப்பதும் ஆல்கோ 251-தான், ஆனால் வி16, 2,600 குதிரைத்திறன். ஒரே குடும்பம், சிலிண்டரின் போர் அதே 228 மில்லிமீட்டர். ஆறு என்றால் வரிசையாக நிறுத்திவிடலாம். பதினாறை வரிசையாக நிறுத்தினால் போரின் விட்டங்களை மட்டும் கூட்டினாலே மூன்றரை மீட்டரைத் தாண்டும், நடுச்சுவர் இல்லாமலேயே. கிராங்கின் முறுக்கத்தை யார் தாங்குவது? அங்கே வி-க்கு மாற்றே இல்லை. மறுபக்கம், கப்பலில் இடம் பிரச்சினை இல்லை. 2006-இல் எம்மா மார்ஸ்க் கப்பலில் வைத்த வார்ட்சிலா எஞ்சின் 14 சிலிண்டர், ஒரே வரிசை, நிமிஷத்துக்கு 102 சுற்றில் 80,080 கிலோவாட்.

காருக்கு வருவோம். முன்சக்கர இழுவை வண்டியில் எஞ்சின் குறுக்காகப் படுக்கும். அங்கே இன்லைன்-6-ஐ நுழைப்பது பெரும் பாடு; வி6 சொருகிவிடும். ஹோண்டா அக்கார்டில் வி6 வந்தது அதனால். மெர்சிடிஸ் 1990-களின் பின்பாதியில் இன்லைன்-6-ஐக் கைவிட்டு வி6-க்குப் போனதற்கும் இடம்தான் காரணம்: எஞ்சின் குட்டையானால் விபத்தில் முன்பக்கம் நசுங்க இடம் கிடைக்கும், வி8 செய்யும் அதே மெஷினில் வி6-உம் செய்யலாம்.

இருபது வருஷம் கழித்து, 2017-இல், அதே மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் எம்256 என்ற இன்லைன்-6-ஐக் கொண்டுவந்தது. என்ன மாறியது? ஏசி கம்ப்ரசரும் தண்ணீர் பம்ப்பும் 48 வோல்ட் மின்சாரத்துக்கு மாறியதால் எஞ்சினின் முன்னால் பெல்ட்டே இல்லை, நீளம் குறைந்தது. டர்போவை ஒட்டியே கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) வைக்க வேண்டிய மாசு விதிகள் வந்தன; இன்லைனில் அது ஒன்று போதும், வி-யில் இரண்டு. முக்கியமாக, வி8 விற்பனை சுருங்கி நாலு சிலிண்டர் டர்போ பெருகியதால், ஆறு சிலிண்டருக்கு உறவு இப்போது நாலோடுதான். பிஎம்டபிள்யூ 1.5 லிட்டரில் மூன்று, 2 லிட்டரில் நான்கு, 3 லிட்டரில் ஆறு என்று அரை லிட்டர் சிலிண்டரை வைத்தே குடும்பம் நடத்துகிறது. ஜாகுவார் லேண்ட் ரோவர் 2019-இல், மஸ்தா 2022-இல் இன்லைன்-6-க்கு வந்துசேர்ந்தன. இன்லைன் சுகமாக ஓடும் என்பது நூறு வருஷமாக எல்லோருக்கும் தெரியும். கம்பெனிகளைத் திருப்பியது செலவுக் கணக்கு.

பைக்கில் இன்னும் வேடிக்கை. சென்னையில் செய்யும் ராயல் என்ஃபீல்டு 650 இரட்டை சிலிண்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை, அதாவது இன்லைன். ஆனால் கிராங்கை 270 டிகிரியில் திருப்பி வைத்ததால், 90 டிகிரி வி-ட்வின் வெடிக்கும் அதே தாளத்தில் வெடிக்கும். வி-யின் சத்தம் வேண்டும், வி-யின் பின் சிலிண்டர் தொடையைச் சுடும் தொல்லை வேண்டாம் என்றால் இது நல்ல வழி.

வாங்கப் போகிறவருக்கு

புது வண்டி, ஐந்து வருஷம் ஓட்டிவிட்டுக் கொடுத்துவிடுவேன் என்றால் வடிவத்தை மறந்துவிடுங்கள். ஓட்டிப் பாருங்கள், டார்க் எந்த ஆர்பிஎம்மில் வருகிறது என்று மட்டும் பாருங்கள். 1,500-இல் வரும் 400 என்எம், 4,000-இல் வரும் 450-ஐவிட நம் டிராஃபிக்குக்கு உதவும்.

பழைய ஆறு சிலிண்டர் வண்டி, வாரண்டி கிடையாது என்றால், மற்றதெல்லாம் சமமாக இருக்கும்போது இன்லைனை எடுங்கள். இ350டி-யில் இரண்டு எஞ்சினும் ஒரே விலைக்குக் கிடைத்தால் எனக்கு ஓஎம்656-தான். ஆனால் வி6 வண்டி ஒரே கையில் ஓடியது, சர்வீஸ் ரசீது முழுக்க இருக்கிறது, இன்லைன் வண்டிக்கு ஒன்றும் இல்லை என்றால் கண்ணை மூடிக்கொண்டு வி6. எண்ணெய் ஒழுங்காக மாற்றிய வி6, மாற்றாத இன்லைனைவிட நிச்சயம் அதிக நாள் ஓடும். வி8 வேண்டும் என்று மனசு கேட்டால் வாங்குங்கள். வருஷத்துக்கு ஒரு பெரிய ஒர்க்‌ஷாப் பில்லுக்குப் பணம் தனியாக எடுத்து வைத்துவிட்டு வாங்குங்கள்.

பார்க்கப் போகும்போது காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது போங்கள். முன்னாடியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடலாம். குளிர்ந்த ஸ்டார்ட்டில் முதல் சில விநாடி செயின் கரகரப்பு கேட்கிறதா என்று கவனியுங்கள்; இன்லைனில் முன்பக்கமா கியர்பாக்ஸ் பக்கமா என்று காது வைத்துப் பாருங்கள். வி எஞ்சின் என்றால் மேல் கவரைக் கழற்றி, டார்ச் அடித்து அந்த நடுப் பள்ளத்தைப் பாருங்கள்: எண்ணெய் தேங்கிக் கறுத்திருந்தால் விலை பேச அதுவே போதும். வண்டியைத் தூக்கி, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம் ஈரமாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்லைன் அலுமினிய ஹெட் என்றால் கூலன்ட் டப்பாவைத் திறந்து, எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா, பம்ப் எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பம்ப் மாற்றிய பில் இல்லை என்றால் அது இன்னும் மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டு, அந்தச் செலவைக் கழித்துவிட்டே விலை சொல்லுங்கள்.